மயிலாப்பூரைச் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு வருபவர்களும், சென்னையிலேயே இருந்துகொண்டு மயிலாப்பூர் பக்கம் அதிகம் வராதவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

1. மயிலாப்பூர்னா எதுலேர்ந்து எது வரைக்கும்? நாலு மாட வீதி மட்டும்தானா?

மாட வீதிகள் மையம், அவ்வளவுதான். கபாலீசுவரர் கோயிலையும் குளத்தையும் சுற்றி வடக்கு, கிழக்கு, தெற்கு மாட வீதிகள் ஓடுகின்றன. மேற்குப் பக்கம் மாட வீதியின் இடத்தில் இருப்பது ராமகிருஷ்ண மடம் சாலை. பார்க்க வருபவர்களுக்கு, மேற்கே லஸ், கிழக்கே கச்சேரி ரோடு வழியாகப் போனால் சாந்தோம் கடற்கரை, வடக்கே முண்டகக்கண்ணி அம்மன் கோயில், தெற்கே ராமகிருஷ்ண மடம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

குளத்திலிருந்து சாந்தோம் தேவாலயம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இருபது இருபத்தைந்து நிமிடம். மடமும் லஸ்ஸும் அதைவிடக் கிட்ட. எல்லாமே நடக்கும் தூரம்தான். நடக்கும் இடம்தான் பிரச்சினை: நடைபாதை உள்ள தெருக்களிலும் பாதி இடம் கடைக்கும் வண்டிக்கும் போய்விடும்.

2. எப்படி வர்றது? மெட்ரோ இருக்கா?

பறக்கும் ரயில்தான் எளிது. கடற்கரை – வேளச்சேரி தடத்தில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிடத்துக்குள் குளக்கரைக்கு வந்துவிடலாம். சென்ட்ரலில் இறங்குபவர்கள் சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்துக்குப் போய், வேளச்சேரி பக்கம் போகும் ரயிலில் ஏற வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் 'பூங்கா' நிலையம் வேறு, அது தாம்பரம் தடம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலிலிருந்து தொடங்க நினைத்தால் திருமயிலைக்கு முந்தைய நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சிறுசேரி தடமும் பூந்தமல்லி – கலங்கரை விளக்கம் தடமும் திருமயிலையில் நிலத்தடியில் சந்திக்கும். அந்த வேலை முடியும்வரை லஸ் முனையிலும் கச்சேரி ரோட்டிலும் பாதை மாற்றம், தடுப்பு, ஒருவழி எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், பேருந்துகளும் சுற்றிப் போகும். விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் ஓடுகிற மெட்ரோவில் தேனாம்பேட்டை வரை வந்து அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். ஆட்டோக்காரரிடம் 'மயிலாப்பூர் குளம்' என்றால் போதும்.

சொந்தக் கார் வேண்டாம். மாட வீதிகளில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்தாலும் திரும்ப எடுத்து வெளியே வருவதற்குள் ஒரு கோயிலைப் பார்த்து முடித்திருக்கலாம்.

3. எத்தனை மணிக்கு வந்தா நல்லது?

காலை ஆறு, ஆறரை. இல்லையென்றால் மாலை நான்கரை. இந்த வட்டாரம் கோயில் நடை திறப்பதையும் சாத்துவதையும் ஒட்டித்தான் இயங்குகிறது. கபாலீசுவரர் கோயில் விடியற்காலை ஐந்து மணி வாக்கில் திறக்கும், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி மாலை நான்கு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது, ஒன்பதரை வரை இருக்கும். மற்ற கோயில்கள் பெரும்பாலும் இன்னும் சீக்கிரமாகவே சாத்திவிடும், சின்னக் கோயில்களில் பதினொரு மணிக்கே கதவு மூடியிருக்கலாம். பத்தரைக்கு மேல் வந்து 'எல்லாம் பார்க்கணும்' என்றால் பாதி இடங்களில் பூட்டைத்தான் பார்க்க நேரும்.

இன்னொரு காரணம் கால். கோயிலுக்குள் வெறுங்காலோடு நடக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை பத்து மணிக்கே பிராகாரத்துக் கல் சுடத் தொடங்கிவிடும். விரிப்பு போட்டிருக்கும் இடம் தாண்டி நடக்க முடியாமல், சன்னிதிகளைப் பார்க்காமலே நிழலைத் தேடி ஓடுபவர்களைக் கோடையில் தினமும் காணலாம்.

4. அரை நாள்தான் இருக்கு. எந்த வரிசையில பார்க்கலாம்?

காலை என்றால்: ஆறரைக்குக் கபாலீசுவரர் கோயில் (ஒன்றே கால் மணி நேரம்), பிறகு டிபன், எட்டேகாலுக்குச் சித்திரக்குளம் பக்கம் கேசவப் பெருமாள் கோயில், ஒன்பது மணிக்குத் தெற்கு மாட வீதியில் வெள்ளீசுவரர், அங்கிருந்து கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம். பத்தரைக்குச் சாந்தோமில் இருந்தால் கணக்கு சரி. தேவாலயம் பகலிலும் திறந்திருக்கும் என்பதால் அதைக் கடைசியில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். முதலில் தேவாலயம், பிறகு கோயில் என்று போட்டால் நடை சாத்தும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மாலை என்றால் வரிசையைத் திருப்புங்கள். மூன்றரைக்குச் சாந்தோம், ஐந்துக்குக் கேசவப் பெருமாள், ஆறு மணிக்குமேல் கபாலீசுவரர். விளக்கு ஏற்றிய பிறகு குளக்கரையில் நின்று மேற்குக் கோபுரத்தைப் பார்ப்பது தனி அழகு. ஆனால் பிரதோஷ நாளா என்று முதலில் பஞ்சாங்கம் பாருங்கள் (கேள்வி 8).

5. கபாலி கோயிலுக்குள்ள எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் திசையைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய கோபுரம் கிழக்கில் இருக்கிறது. 1906-இல் கட்டப்பட்டது, ஏறக்குறைய 120 அடி உயரம். எல்லோரும் அதன் வழியாகத்தான் நுழைகிறார்கள். ஆனால் கபாலீசுவரர் மேற்கு பார்த்திருக்கிறார். ஆக, நேரே நடந்தால் நீங்கள் போவது சன்னிதியின் பின்பக்கம். வாசலில் நர்த்தன விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே கொடிமரத்துக்கு வாருங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் கொடிமரம், சன்னிதி, பின்னால் சின்ன மேற்குக் கோபுரம், அதற்கு வெளியே குளம் என்று கோயிலின் அமைப்பு பிடிபடும். கற்பகாம்பாள் தெற்கு பார்த்த சன்னிதி.

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போவது மூன்று. ஒன்று, பிராகாரத்தில் உள்ள புன்னை மரமும் அதன் அடியில் உள்ள சின்னச் சன்னிதியும். அம்பிகை மயில் உருவில் சிவனைப் பூசித்த தலபுராணக் காட்சியை அங்கே சிலையாகக் காணலாம். மயிலின் அலகில் பூ இருப்பதை நின்று கவனித்தால்தான் தெரியும். இரண்டாவது, சிங்காரவேலர். மயில்மேல் முருகன் அமர்ந்திருப்பது எங்கும் உண்டு, இங்கே வள்ளியும் தெய்வானையும் ஆளுக்கொரு யானைமேல் அமர்ந்திருக்கிறார்கள். அலங்காரத் துணி அதிகமாக இருக்கும் நாள்களில் யானை மறைந்துவிடும், அர்ச்சகரிடம் கேட்டால் காட்டுவார். மூன்றாவது, வாயிலார் நாயனார். அறுபத்து மூவரில் மயிலாப்பூரில் பிறந்தவர் இவர். பேசாமல், மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி வழிபட்டவர் என்பார்கள். அவருக்கு இங்கே தனிச் சன்னிதி உண்டு, பெரும்பாலும் கூட்டமே இருக்காது.

6. ரொம்பப் பழைய கோயில்னு சொல்றாங்க, கட்டடத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே?

கண் சரியாகத்தான் சொல்கிறது. தலம் பழையது, கட்டடம் அத்தனை பழையது அல்ல. 7-ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம் கடற்கரைச் சோலையோடு கூடிய மயிலையைச் சொல்கிறது, அருணகிரிநாதரும் அலை சூழ்ந்த மயிலை என்றே பாடுகிறார். இன்றைய கோயிலுக்கும் கடலுக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர் இருக்கிறது. பழைய கோயில் கடலோரமாக, சாந்தோம் பக்கம் இருந்தது, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது, பின்னர் இப்போதைய இடத்தில் புதிதாக எழுப்பப்பட்டது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. பழைய கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்திருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

அந்தப் பதிகத்தைப் படித்துவிட்டு வந்தால் கோயில் இன்னும் நெருக்கமாகும். பாம்பு கடித்து இறந்த பூம்பாவை என்ற பெண்ணின் சாம்பல் குடத்தைப் பார்த்து, 'இந்த விழாவைக் காணாமலா போனாய்?' என்று ஒவ்வொரு பாட்டிலும் ஒரு விழாவைச் சொல்லிக் கேட்கிறார் சம்பந்தர். ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாக வரும். பதிகத்தின் முடிவில் பூம்பாவை உயிர்பெற்று எழுந்தாள் என்பது கதை. ஊருக்குத் திருவிழா நாள்காட்டி போல இருக்கும் அந்தப் பட்டியலில் பல விழாக்கள் இன்றும் இங்கே நடக்கின்றன.

7. என்ன உடுத்திக்கணும்? போட்டோ எடுக்கலாமா? வெளிநாட்டு நண்பரைக் கூட்டிட்டு வரலாமா?

அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை வேண்டாம். வேட்டி, பேன்ட், சேலை, சுடிதார் எல்லாம் சரி. செருப்பை வாசலில் காப்பகத்தில் விட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள், படிக்கட்டு ஓரமாகக் கழற்றிவிட்டால் கூட்ட நாளில் தேடிக்கொண்டிருக்க நேரும். கருவறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் அன்றைக்கு அங்கே வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையே விதி. கோபுரத்தையும் குளத்தையும் வெளியிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். காலை வெயில் கிழக்குக் கோபுரத்தின்மேல் நேராக விழும், மேற்குக் கோபுரத்துக்கு மாலைதான் நல்லது.

வெளிநாட்டவரும் பிற மதத்தவரும் பிராகாரத்தைச் சுற்றிப் பார்க்கலாம், மூலவர் சன்னிதிக்குள் அனுமதி இல்லை. 5-ஆம் பதிலில் சொன்ன புன்னை மரம் வெளிப் பிராகாரத்தில்தான் இருக்கிறது. அதனால் அவர்களுக்கும் பார்க்க நிறையவே உண்டு. வாசலில் தாமாக வந்து 'கைடு' என்று சேர்ந்துகொள்பவர்களிடம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

8. பிரதோஷத்தன்னிக்கு வந்தா விசேஷமாமே, வரலாமா?

சாமி கும்பிட வருகிறீர்களென்றால் தாராளமாக. சுற்றிப் பார்க்க வருகிறீர்களென்றால் வேறு நாள் பாருங்கள். வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் திரயோதசி அன்று மாலை நாலரை முதல் ஆறு மணி வரை பிரதோஷ காலம். நந்திக்கு அபிஷேகம், பிறகு ரிஷப வாகனத்தில் சுவாமி பிராகாரம் வலம். அந்த ஒன்றரை மணி நேரம் பிராகாரத்தில் நீங்கள் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நகர்த்திக்கொண்டு போகும். சனிப் பிரதோஷம் என்றால் இன்னும் பல மடங்கு.

9. கபாலியைத் தவிர வேற எந்தக் கோயிலுக்குப் போகணும்?

சைவம், வைணவம், அம்மன் மூன்றையும் தொட வேண்டுமென்றால் கேசவப் பெருமாளையும் முண்டகக்கண்ணி அம்மனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேசவப் பெருமாள் கோயில் முதலாழ்வார்களில் ஒருவரான பேயாழ்வாரோடு தொடர்புடையது, அவர் அவதரித்த தலம் மயிலை. தாயார் பெயர் மயூரவல்லி. பக்கத்தில் சித்திரக்குளம். அந்தக் குளத்தைச் சுற்றிய தெருக்களில் திண்ணையும் ஓடுமாக மிச்சமிருக்கும் சில வீடுகளைக் காணலாம். அடுக்குமாடிகள் நடுவே ஒன்றிரண்டுதான், வேகமாகக் குறைந்தும் வருகின்றன. அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் திண்ணையில் ஏறிப் படம் எடுக்க வேண்டாம்.

முண்டகக்கண்ணி அம்மன் கோயிலின் கருவறைக்குக் கூரை தென்னங்கீற்று. சுற்றிலும் மண்டபம் எழும்பினாலும் அம்மன் தலைக்குமேல் ஓலைதான். ஆடி மாதம் முழுக்க இங்கே நிற்க இடமிருக்காது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருவள்ளுவர் கோயில் இருக்கிறது. வள்ளுவர் மயிலையில் பிறந்தார் என்ற மரபை ஒட்டி அமைந்த கோயில் அது.

10. ஏழு சிவன் கோயிலையும் ஒரே நாள்ல முடிக்க முடியுமா?

முடியும், காலையிலேயே. சப்த ஸ்தானம் என்று சொல்லப்படுபவை: கபாலீசுவரர், வெள்ளீசுவரர், காரணீசுவரர், விருபாட்சீசுவரர், வாலீசுவரர், மல்லீசுவரர், தீர்த்தபாலீசுவரர். முதல் ஆறும் ஒன்றுக்கொன்று பக்கம். காரணீசுவரரும் விருபாட்சீசுவரரும் பஜார் ரோட்டில். வாலீசுவரர், மல்லீசுவரர் இரண்டும் கோலவிழி அம்மன் கோயில் பக்கம். தீர்த்தபாலீசுவரர் மட்டும் விலகி, திருவல்லிக்கேணி பக்கம் இருக்கிறது, அதற்கு ஆட்டோ வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பெரிய கோயிலிலேயே ஒன்றரை மணி நேரம் செலவழித்துவிட்டுக் கிளம்புவது. சின்னக் கோயில்கள் சீக்கிரம் சாத்தும் என்று 3-இல் சொன்னோமே, அதனால் தீர்த்தபாலீசுவரரில் ஏழு மணிக்குத் தொடங்கி, மற்றவற்றைப் பார்த்துக்கொண்டே வந்து, கபாலீசுவரரைக் கடைசியில் வையுங்கள். சிவராத்திரி அன்று ஏழையும் பார்க்கக் கிளம்பும் பக்தர்கள் நிறைய. அன்றைக்கு இரவெல்லாம் கோயில்கள் திறந்திருப்பதால் நேரக் கணக்கே தேவையில்லை.

11. சாந்தோம்ல புனித தோமையார் உடம்பு இன்னமும் இருக்கா?

கல்லறை இருக்கிறது. இயேசுவின் சீடர் தோமையார் இங்கே வந்து, கி.பி. 72-இல் கொல்லப்பட்டு, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. திருப்பண்டங்களின் (அவரது உடல் எச்சங்களின்) பெரும்பகுதி மிகப் பழங்காலத்திலேயே எதெசா நகருக்கும், பின்னர் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் கொண்டுபோகப்பட்டதாக அதே மரபு சொல்கிறது. இங்கே இருப்பவை ஒரு சிறு எலும்புத் துண்டும், அவரைக் கொன்றதாகக் கருதப்படும் ஈட்டி முனையும்.

போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயத்தை எடுத்துவிட்டு, இன்றைய வெள்ளைநிறக் கோத்திக் கட்டடத்தை 1896-இல் முடித்தார்கள். 1956-இல் பேராலயத் தகுதி கிடைத்தது. 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்திருக்கிறார். கல்லறைச் சிற்றாலயத்துக்குப் பேராலயத்துக்குள் போகாமலே பின்பக்கமாகத் தனி வழி உண்டு, படி இறங்க வேண்டும். இது தெரியாமல் திருப்பலி நடக்கும் நேரத்தில் பீடத்துப் பக்கம் போய்க் 'கல்லறை எங்கே' என்று கேட்பவர்கள் உண்டு. கீழே யாரும் பேசமாட்டார்கள், போனை அணைத்துவிடுங்கள். ஞாயிறு காலையில் திருப்பலிகள் தொடர்ந்து இருக்கும், சுற்றிப் பார்க்க வார நாள் நல்லது. பின்னால் கடற்கரைப் பக்கம் நிற்கும் தோமையார் கம்பத்தையும் பாருங்கள். கடல் அதைத் தாண்டி வராது என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை.

12. லஸ் சர்ச்தான் சென்னையிலேயே பழைய சர்ச்சாமே?

லஸ் சர்ச் என்று நீங்கள் சொல்லும் பிரகாச மாதா ஆலயத்தில் உள்ள கல்வெட்டு 1516 என்கிறது. அந்த ஆண்டை அப்படியே ஏற்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் நகரில் இன்றும் நிற்கும், ஐரோப்பியர் கட்டிய மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-இல்தான் வந்தது. புயலில் திசை தவறிய போர்த்துகீசிய மாலுமிகளுக்கு இந்த இடத்திலிருந்து ஒளி தெரிந்து வழிகாட்டியது என்பது ஆலயத்தின் கதை. அப்போது சுற்றிலும் காடு, அதனால் உள்ளூரில் காட்டுக்கோயில் என்றும் பெயர். சாந்தோம் அளவுக்குப் பிரம்மாண்டம் எதிர்பார்க்காதீர்கள். சின்ன ஆலயம், அமைதியான வளாகம், அரை மணி நேரம் போதும்.

13. டிபனுக்கு எங்க போறது?

அருண்டேல் தெரு ராயர் மெஸ்: சின்ன இடம், காலையும் மாலையும் டிபன் மட்டும். கெட்டிச் சட்னிக்குப் பேர்போனது. ஒரு பந்தி எழுந்த பிறகுதான் அடுத்த பந்தி, வெளியே காத்திருக்க வேண்டும். பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் உட்கார இடமே கிடையாது. பெயருக்கு ஏற்றபடி வீட்டு ஜன்னல் வழியாகத் தட்டு வரும், தெருவில் நின்று சாப்பிட வேண்டும். காலையில் பொங்கல், மாலையில் பஜ்ஜி, போண்டா. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடக் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். தாகத்துக்குக் கோயில் பக்கத்திலேயே காளத்தி கடை ரோஸ் மில்க். பார்த்தால் பேப்பர் கடை மாதிரி இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள்.

எங்கேயும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு தீர்ந்தால் கடை மூடிவிடுவார்கள், ஒன்பதரைக்குப் போய் வடை கேட்டால் கிடைக்காது.

14. இங்கிருந்து என்ன வாங்கிட்டுப் போகலாம்?

பூஜைப் பொருள், பித்தளை விளக்கு, குங்குமம், புத்தகம் எல்லாம் சன்னிதித் தெருவிலும் கிழக்கு மாட வீதியிலும். காய்கறிக்குத் தெற்கு மாட வீதி. நாட்டு மருந்துக்குக் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை, தீபாவளி லேகியப் பொடி முதல் பிரசவ மருந்து வரை கேட்டு வாங்கலாம்.

பரதநாட்டிய நகைகள் வாங்க வெளிநாட்டிலிருந்தே வருகிறார்கள். சிவப்பு, பச்சைக் கெம்புக்கல் பதித்த நெத்திச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஒட்டியாணம். விலை மலைக்கும் மடுவுக்குமாக மாறுவதற்குக் காரணம் அடிப்படை உலோகம். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய வடசேரி (நாகர்கோவில் பக்கம்) வேலை ஒரு விலை, செம்பு அல்லது பித்தளையில் அச்சு வேலை அதில் சிறு பங்கு. திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்: கையால் கல் பதித்ததில் ஒவ்வொரு கல்லுக்கும் தனிக் கட்டு தெரியும், மலிவானதில் பசை தெரியும். அரங்கேற்றத்துக்கு வாங்குபவர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது, ஒட்டியாணத்தின் சுற்றளவு சரியாக இல்லாவிட்டால் மேடையில் அவிழும்.

நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை. மண் பொம்மையை விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கும். காகிதக்கூழ் பொம்மை லேசு, ஊருக்கு எடுத்துப் போக வசதி, ஆனால் ஈரம் ஆகாது. நவராத்திரி தொடங்கி இரண்டு நாள் ஆனபிறகு விலை இறங்கும், செட்டு முழுதாகக் கிடைக்காது.

15. பங்குனித் திருவிழாவுக்கு ஒரே ஒரு நாள்தான் வர முடியும்னா எந்த நாள்?

எட்டாம் நாள், அறுபத்து மூவர். மார்ச் – ஏப்ரலில் பத்து நாள் நடக்கும் பிரம்மோற்சவத்தில் மற்ற முக்கிய நாள்கள்: மூன்றாம் நாள் விடியற்காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் நள்ளிரவை ஒட்டி ரிஷப வாகனம், ஏழாம் நாள் காலை தேர். எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெற்ற நிகழ்வு (கேள்வி 6) நடத்திக் காட்டப்படும், பிற்பகலில் அறுபத்து மூன்று நாயன்மார்களும் சின்னச் சின்னச் சப்பரங்களில் மாட வீதிகளில் கபாலியோடு வலம் வருவார்கள்.

அன்று ஊரே தெருவில் இருக்கும். வழியெங்கும் நீர்மோர், பானகம், சாம்பார் சாதப் பந்தல்கள். நண்பகலுக்குப் பின் சுற்றுவட்டாரத்தில் வண்டி விடமாட்டார்கள், ரயிலில் வாருங்கள். இரண்டு மணிக்குள் ஏதாவது ஒரு மாட வீதியில் ஓரமாக நிலை எடுத்துக்கொண்டு அங்கேயே இருப்பதுதான் சரி. ஊர்வலத்தோடு நடந்து பார்க்க நினைத்தால் முதுகுகள்தான் தெரியும். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு எட்டாம் நாள் வேண்டாம், அதிகார நந்தி நாள் பொருத்தம்: விடியற்காலை, வெயில் இல்லை, கூட்டத்திலும் நகர இடமிருக்கும்.

மனிதக் கடல் பிடிக்காதவர்களுக்குத் தைப்பூசத் தெப்பம். மூன்று இரவுகள், குளத்துப் படிகளில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

16. மார்கழிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்காம போகலாமா?

நிறையவே போகலாம். டிசம்பர் நடுவிலிருந்து சபாக்களில் காலை முதல் இரவு வரை அடுத்தடுத்துக் கச்சேரிகள். மாலையில் முன்னணிப் பாடகர்களுக்குக் கட்டணம், நண்பகல், பிற்பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். நாளைக்கு மாலை மேடையில் இருக்கப்போகிறவர்களை இன்றைக்குப் பிற்பகலில் கேட்டுவிடலாம் என்பது பழைய ரசிகர்களின் கணக்கு. ரசிக ரஞ்சனி சபாவும் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப்பும் இந்த வட்டாரத்திலேயே. கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனில் சீசன் இல்லாத மாதங்களிலும் நிகழ்ச்சிகள் உண்டு. 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி கொஞ்சம் தள்ளி, டி.டி.கே. சாலை முனையில்.

தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். மிருதங்கக்காரர் அதைப் பார்த்துக்கொண்டுதான் வாசிக்கிறார். காசே செலவில்லாதது மார்கழி விடியல் பஜனை: பாபநாசம் சிவன் மாட வீதிகளில் பாடி வலம் வந்த மரபு இன்றும் தொடர்கிறது. கோலம் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியிலேயே கோலப்போட்டி நடக்கும்.

17. பன்னெண்டுலேர்ந்து நாலு மணி வரைக்கும் என்ன பண்றது?

கோயில்கள் மூடியிருக்கும், ராமகிருஷ்ண மடத்துக் கோயிலும் பகலில் மூடும். திறந்திருப்பவை: சாந்தோம், கடைகள், சீசனில் சபாக்கள். சாந்தோமிலிருந்து வடக்கே மெரினா கலங்கரை விளக்கம் பக்கம். 1977-இல் வந்த இன்றைய கோபுரத்தில் லிப்ட் உண்டு, சின்னக் கட்டணத்தில் மேலே போய்ப் பார்க்கலாம். திங்கள்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று வரை இடைவேளையும் உண்டு. பன்னிரண்டரைக்குள் போய்ச் சேர்ந்தால் ஏற விடுவார்கள்.

18. வயசான அம்மாவைக் கூட்டிட்டு வரேன். அவங்களால அதிகம் நடக்க முடியாது.

4-ஆம் பதிலில் உள்ள வரிசை அவர்களுக்கு ஆகாது. கபாலீசுவரர் கோயிலையும் சாந்தோமையும் மட்டும் வைத்துக்கொண்டு, இடையில் ஆட்டோவில் போங்கள். கோயிலுக்கு வார நாளில் காலை ஏழு மணிக்கு முன் வந்தால் ஆட்டோ கோபுர வாசலுக்கு மிக அருகே வரை வரும். எட்டுக்கு மேல் தெரு முனையிலேயே இறக்கிவிடுவார்கள். கோபுர வாசல் நிலைப்படி உயரம், கைப்பிடித்துத் தாண்ட வைக்க வேண்டும், உள்ளே பிராகாரம் சமதளம். முழுச் சுற்று வேண்டாமென்றால் மேற்கு வாசல் வழியாக நுழையுங்கள். கொடிமரமும் மூலவரும் நேரே, நடை மிகக் குறைவு. சாந்தோமில் பேராலயத்துக்குள் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் கல்லறைக்கு இறங்கலாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. கோயில் கல்தளம் நனைந்தால் பாசியில் வழுக்கும், அந்த மாதங்களில் மழை விட்ட அன்றே அவர்களைக் கூட்டி வராமல் ஒருநாள் தள்ளிப்போடுங்கள்.